டே ஆற்றுப் பாலம், 1879: காற்றைக் கணக்கில் கொள்ளாத ஒரு கட்டுமானத்தின் வீழ்ச்சி

1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஸ்காட்லாந்தின் டே கழிமுகத்தின் குறுக்கே ஏறத்தாழ 2 மைல் நீளத்துக்கு நின்றிருந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, தன்மேல் சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த நாளில் மதிப்பிட்டுச் சொன்ன உயிரிழப்பு 75. பின்னாளில் ஆவணங்களைக் கொண்டு பெயரோடு உறுதிசெய்ய முடிந்தது 59. ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட உடல்கள் 46. பாலம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டு அப்போது 19 மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை.

அன்று வீசியது கடும் புயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே புயலில் அதே பாலத்தின் தாழ்வான பகுதிகள், தென்கரையிலும் வடகரையிலும், அசையாமல் நின்றன. விழுந்தவை நடுவிலிருந்த 13 உயர்ந்த கண்களும் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பாலப் பகுதிகள்) அவற்றைத் தாங்கிய 12 தூண்களும் மட்டுமே. எது விழுந்தது, எது நின்றது என்ற இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கினால்தான் இந்த விபத்தின் காரணம் பிடிபடும்.

அன்றைய இரவு

எடின்பரோவிலிருந்து வருகிற பயணிகள் அக்காலத்தில் ஃபோர்த் கழிமுகத்தைப் படகில் கடந்து, அக்கரையில் பர்ன்டைலண்டில் ரயில் ஏறி, ஃபைஃப் மாவட்டத்தின் வழியாக டண்டீ நகரை அடைவார்கள். அன்று மாலை புறப்பட்ட ரயிலில் ஒரு நீராவி எஞ்சின், ஐந்து பயணிகள் பெட்டிகள், கடைசியில் ஒரு சரக்கு வேன் ஆகியவை இருந்தன. பாலத்தின் தென்முனையில் இருந்த கேபினில் சிக்னல்காரரிடம் ஒற்றைப் பாதைக்கான அனுமதிக் கோலைப் பெற்றுக்கொண்டு, மாலை 7 மணி 13 நிமிடத்துக்கு ரயில் பாலத்தில் ஏறியது. கேபினில் இருந்த மற்றொரு ஊழியர் ரயிலின் பின்விளக்குகளைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கரங்களிலிருந்து தீப்பொறி பறப்பது அவருக்குத் தெரிந்தது. பக்கவாட்டுக் காற்று பெட்டிகளைத் தள்ளியதால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உராய்ந்து எழுந்த பொறிகள் அவை. அதற்கு முன் வடக்கே சென்ற ரயிலிலும் இதே காட்சி இருந்தது. சுமார் மூன்று நிமிடங்களுக்குப் பிறகு திடீரென ஒரு பெரிய ஒளி தோன்றி, அத்துடன் எல்லாம் இருண்டது. வடகரைக் கேபினுக்குச் செல்லும் தந்திக் கருவிகள் பேச்சற்றுப் போயிருந்தன.

இருவரும் பாலத்தின் மேல் நடந்து பார்க்க முயன்றார்கள். காற்று அவர்களைத் திருப்பிவிட்டது. வடகரையில் டண்டீ நிலையத்திலிருந்து புறப்பட்ட இருவர்தான், தண்டவாளத்தைப் பிடித்தபடி ஊர்ந்து சென்று, பாலத்தோடு பதிக்கப்பட்டிருந்த குடிநீர்க் குழாய் உடைந்து நீர் பீறிடுவதையும், அதற்கு அப்பால் பாலமே இல்லாததையும் கண்டார்கள்.

பாலம் எப்படி இப்படியானது

இந்தப் பாலத்தை வடிவமைத்தவர் தாமஸ் பவுச். நார்த் பிரிட்டிஷ் ரயில்வே நிறுவனத்துக்காகப் பல பாதைகளைக் குறைந்த செலவில் அமைத்துக் கொடுத்துப் பெயர் பெற்றவர். ஃபோர்த் கழிமுகத்தில் சரக்கு வண்டிகளையே படகில் ஏற்றிக் கடத்தும் முறையை 1850-இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். அவர் அறியாதவர் அல்லர் என்பதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். 1860-இல் வட இங்கிலாந்தில் அவர் கட்டிய பெலா பாலம், அடியில் நன்கு அகன்று விரிந்த இரும்புத் தூண்களோடு, கைவிடப்பட்டு 1960களில் பிரிக்கப்படும் வரை நூறாண்டுகள் நின்றது.

டே பாலத்தின் வேலை 1871-இல் தொடங்கியபோது, தூண்கள் நீர்மட்டத்துக்கு மேலும் கனமான செங்கல் கட்டுமானமாகவே எழும் என்பதுதான் திட்டம். ஆற்றுப் படுகையில் ஆழத்தில் தொடர்ச்சியான பாறை இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்தவர்கள் சொன்னதை நம்பி வரைந்த திட்டம் அது. தென்கரையிலிருந்து சில தூண்கள் எழுந்த பிறகு, பாறை என்று கருதப்பட்டது இறுகிய சரளை அடுக்கு மட்டுமே என்பதும், அதன் கீழே மென்மையான படிவு இருப்பதும் தெரியவந்தது. கனமான தூண்களை அந்த நிலம் தாங்காது. எனவே பவுச் எடையைக் குறைத்தார்: நீர்மட்டத்துக்குச் சற்று மேல்வரை கல், செங்கல் கட்டுமானம், அதற்கு மேல் ஆறு வார்ப்பிரும்புக் குழாய்களை அறுகோண வடிவில் நிறுத்திக் குறுக்குப் பட்டைகளால் பிணைத்த தூண். கண்கள் நீளமாக்கப்பட்டு, தூண்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது; நடுவில் கப்பல்கள் செல்லும் பகுதியில் 245 அடி நீளக் கண்கள் 11-உம், 227 அடிக் கண்கள் 2-உம் அமைந்தன.

நிலத்தைத் தவறாகக் கணித்தது ஒரு பிழை. அதை எதிர்கொள்ளத் தூணின் வகையை மாற்றியது தவறல்ல. தவறு அடுத்த படியில் இருக்கிறது. கனமான செங்கல் தூண் தன் எடையாலேயே பக்கவாட்டுத் தள்ளுதலை எதிர்த்து நிற்கும். மெலிந்த இரும்புத் தூணுக்கு அந்த வசதி இல்லை. அது தன் அடியின் அகலத்தையும் குறுக்குப் பிணைப்பின் வலுவையும்தான் நம்ப வேண்டும். தூணின் வகை மாறியபோது காற்றைப் பற்றிய கேள்வி புதிதாக எழுந்திருக்க வேண்டும். அது எழவில்லை. காற்றழுத்தத்துக்கென்று தனியாக எதையும் சேர்க்கவில்லை என்று பவுச் பின்னர் விசாரணையில் தாமே ஒப்புக்கொண்டார்.

நடுப்பகுதியின் அமைப்பு இந்தக் குறையைப் பெருக்கியது. கரையோரப் பகுதிகளில் ரயில், தூண்களுக்கு இடையே கிடந்த இரும்பு உத்திரங்களான கர்டர்களின் மேல் ஓடியது. கப்பல் பாய்மரங்களுக்காக உயர்நீர் மட்டத்திலிருந்து 88 அடி இடைவெளி தேவைப்பட்ட நடுப்பகுதியில் மட்டும், கர்டர்கள் உயர்த்தப்பட்டு, ரயில் அவற்றின் உள்ளே ஓடியது. ஆகவே பாலத்தின் மிக உயரமான இடத்தில்தான் காற்று மோதும் பரப்பும் மிக அதிகம். ரயில் உள்ளே நுழையும்போது அதன் பக்கவாட்டுப் பரப்பும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அந்தத் தள்ளுதல் முழுவதும் தூணின் உச்சியில் வந்து விழும்.

காதும் போல்ட்டும்

ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 11 அடி நீளமுள்ள ஏழு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பில் போல்ட் போட்டு எழுப்பியது. பக்கத்துப் பக்கத்துக் குழாய்களுக்கு இடையே தேனிரும்புப் பட்டைகள் பெருக்கல் குறிபோலக் குறுக்காக ஓடின. தூணைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை இந்தப் பட்டைகளுடையது. பட்டைகள் நல்ல தேனிரும்பு, இழுவிசையைத் தாங்கும். ஆனால் அவை குழாயோடு இணைந்த இடத்தில் இருந்தது, குழாயுடன் சேர்த்தே வார்க்கப்பட்ட ஒரு சிறிய வார்ப்பிரும்புக் காது, அதாவது போல்ட் செருகுவதற்கான துளையுள்ள நீட்சி. அமுக்கத்தைத் தாங்குவதில் வார்ப்பிரும்பு சிறந்தது. இழுவிசையில் அது எச்சரிக்கை எதுவும் தராமல் முறியும். பாலம் முழுவதிலும் காற்றின் இழுவிசை போய்ச் சேர்கிற இடத்தில், இழுவிசைக்கு மிகவும் ஒவ்வாத பொருள் வைக்கப்பட்டிருந்தது.

அந்தக் காதில் இருந்த போல்ட் துளையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். துளை, துளையிடும் கருவியால் போடப்பட்டது அல்ல, வார்க்கும்போதே விடப்பட்டது. வார்ப்பு அச்சை எளிதாக உருவியெடுக்க வேண்டும் என்பதற்காக அது ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், கூம்பு வடிவில் இருந்தது. அதில் நேரான போல்ட் ஒன்றைச் செருகினால், போல்ட் துளையின் சுவர் முழுவதிலும் படியாது. குறுகிய விளிம்பில் மட்டும் படியும். பட்டை இழுக்கும்போது மொத்தச் சுமையும் அந்த ஒரு விளிம்பில் குவியும், போல்ட் வளையும், காது வெளிப்புறமாகப் பிளக்கும். விபத்துக்குப் பிறகு, மிஞ்சிய காதுகளை லண்டனில் டேவிட் கிர்கால்டியின் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, 60 டன் அளவுக்குத் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை 20 டன் அளவிலேயே முறிந்தன. என் பார்வையில் இந்த விபத்தின் மையம் இந்த எண்தான். மற்றெல்லாக் காரணங்களும் இதைச் சுற்றியே வருகின்றன.

வார்ப்பின் தரமும் மோசமாக இருந்தது. குழாய்கள் பாலத்தின் தென்முனையில் வொர்மிட்டில், இந்த வேலைக்காகவே நிறுவப்பட்ட வார்ப்பாலையில் செய்யப்பட்டன. குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. உள்ளே காற்றுப் புழைகள் இருந்தன. அந்தப் புழைகளைத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத்தூள், விளக்குக்கரி ஆகியவற்றைக் குழைத்த பூச்சால் அடைத்து, மேலே தேய்த்து, நல்ல வார்ப்புபோல் காட்டினார்கள் என்பதை வேலையாட்களே விசாரணையில் கூறினார்கள். இந்த வார்ப்பாலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பில் பவுச்சின் தரப்பில் தகுதியான ஒருவர்கூட அமர்த்தப்படவில்லை. முதல் ஒப்பந்தக்காரர் இடையிலேயே இறந்து, 1874-இல் மிடில்ஸ்பரோவின் ஹாப்கின்ஸ் கில்க்ஸ் நிறுவனம் வேலையை ஏற்றதும், செலவும் காலமும் நெருக்கியதும் இதன் பின்னணி. கட்டுமானத்தின்போதே சுமார் 20 தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தார்கள். 1877 பிப்ரவரியில் ஒரு சூறைக்காற்று, அப்போதுதான் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த உயர்ந்த கர்டர்களில் இரண்டை ஆற்றில் தள்ளியது. விழுந்தவற்றில் ஒன்று நிமிர்த்தப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டது. காற்றைப் பற்றி யோசிக்க அதைவிடத் தெளிவான தருணம் கிடைத்திருக்காது.

ஆய்வும் பராமரிப்பும்

1878 பிப்ரவரியில் அரசின் வர்த்தக வாரியம் சார்பாக மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் மூன்று நாட்கள் பாலத்தை ஆய்வு செய்தார். தலா 73 டன் எடையுள்ள ஆறு எஞ்சின்களைக் கோத்து ஓட்டி, கர்டர்களின் தொய்வை அளந்து, மணிக்கு 25 மைல் என்ற வேக வரம்புடன் ஒப்புதல் அளித்தார். மேலிருந்து கீழ்நோக்கி வரும் சுமைக்கு இது முறையான சோதனைதான். பலத்த காற்று வீசும்போது பெட்டிகள் கோத்த ரயில் ஒன்று பாலத்தைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நல்லது என்று தம் அறிக்கையில் அவர் எழுதியிருந்தார். அந்த வாய்ப்பு நேரவில்லை. அதற்காக ஒப்புதலும் காத்திருக்கவில்லை. சரியான கேள்வியை எழுப்பிய ஒரே அதிகாரி அவர் என்பதால், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் பொறுக்க மறுக்கிறது. 1878 ஜூன் 1 அன்று பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விக்டோரியா மகாராணி அதன்மேல் பயணம் செய்தார். சில நாட்களில் பவுச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது.

பராமரிப்புக்காகப் பவுச் அமர்த்திய ஹென்றி நோபிள் செங்கல் கட்டுமானப் பணியில் பழகியவர்; இரும்பு வேலை அவர் துறை அல்ல. ஆற்று நீர் தூண்களின் அடியை அரிக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட முதன்மை வேலை. 1878 அக்டோபரில், ரயில் செல்லும்போது தூண்களில் கடகடவென்று சத்தம் எழுவதைக் கேட்டு மேலேறிப் பார்த்தபோது, குறுக்குப் பட்டைகளின் இணைப்புகளில் ஆப்புகள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. டண்டீ கடையிலிருந்து இரும்புச் சட்டம் வாங்கிவந்து, வெட்டி, இடைவெளிகளில் அடித்து இறுக்கினார். இப்படி நூறு இடங்களுக்கு மேல் செய்திருக்கிறார். சத்தம் நின்றது. ஆனால் பட்டை விறைப்பாக இழுக்கப்படவில்லை. தூண் எந்த நிலைக்குச் சாய்ந்திருந்ததோ அந்த நிலையிலேயே தளர்வு பூட்டப்பட்டது. பட்டைகள் தளர்ந்த செய்தியை அவர் பவுச்சுக்குத் தெரிவிக்கவில்லை. சில குழாய்களில் நெடுக்காக விரிசல் கண்டபோது மட்டும் தெரிவித்தார். அவற்றைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டப்பட்டன. அக்கறையோடு வேலை செய்த ஒரு மனிதர்மேல் இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. இரும்புப் பாலத்தை இரும்பு அறியாதவரிடம் ஒப்படைத்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

1879 கோடையில் பாலத்துக்கு வண்ணம் பூசியவர்கள், ரயில் வரும்போது உயர்ந்த கர்டர்கள் பக்கவாட்டில் அசைவதைத் தங்கள் உடலாலேயே உணர்ந்தவர்கள். தண்ணீர் வாளியே ஆடும் அளவுக்கு அதிர்வு இருந்ததாகச் சாட்சியங்கள் உண்டு. ஆனால் அவர்களைக் கேட்டறிய யாரும் இருக்கவில்லை. டண்டீயின் முன்னாள் நகரத்தலைவர் ஒருவர், ரயில்கள் வரம்பை மீறிய வேகத்தில் பாலத்தைக் கடப்பதைக் கடிகாரம் வைத்துக் கணித்து, நிலைய அதிகாரியிடம் முறையிட்டார். பலன் தெரியாததால், வடக்கு நோக்கி வரும் பயணத்துக்கு அவர் படகையே நாடினார்.

காற்றின் கணக்கு

காற்றழுத்தம் குறித்து அக்காலத்தில் பொறியாளர்களுக்கு எதுவுமே தெரியாது என்று சொல்வதற்கில்லை. பிரான்சில் ஒரு சதுர அடிக்கு 55 பவுண்டு, அமெரிக்காவில் 50 பவுண்டு என்று கணக்கிடும் வழக்கம் இருந்தது. பிரிட்டனிலோ, 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்மீட்டன் வெளியிட்ட அட்டவணையின் செல்வாக்கு நீங்கவில்லை. அதன்படி பெரும் புயலுக்கே 12 பவுண்டுதான். வர்த்தக வாரியம் எந்த எண்ணையும் விதிக்கவில்லை. ஃபோர்த் கழிமுகத்தில் பவுச் கட்டவிருந்த தொங்குபாலத்துக்காக 1873-இல் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் கேட்டபோது, கண் முழுவதும் சராசரியாக 10 பவுண்டு எடுத்தால் போதும் என்ற விடை கிடைத்தது. 1,600 அடி நீளமுள்ள கண்ணுக்கு, அதன் முழுப் பரப்பின் சராசரியாகச் சொன்ன எண் அது. குறுகிய இடத்தில் 40 பவுண்டு வரை போகலாம் என்பதையும் ஏரி அதிலேயே குறிப்பிட்டிருந்தார். 245 அடிக் கண்களுக்கு அந்தச் சராசரியைத் துணைக்கு அழைத்தது பொருந்தாத வாதம்.

விசாரணை

கப்பல் விபத்து ஆணையர் ஹென்றி ராதரி, ரயில்வே ஆய்வாளர் கர்னல் யோலண்ட், பொறியாளர் சங்கத் தலைவர் வில்லியம் பார்லோ ஆகிய மூவர் 1880 ஜனவரியில் டண்டீயில் விசாரணையைத் தொடங்கினார்கள். பொறியாளர் ஹென்றி லா இடிபாடுகளை ஆராய்ந்தார். டண்டீயின் வாலன்டைன் நிறுவனத்தார் ஒவ்வொரு தூணின் எச்சத்தையும் தெளிவாகப் படமெடுத்தார்கள். முறிந்த காதுகளும், மேல்வரிசைக் கற்களை மட்டும் பற்றியிருந்து அவற்றோடு பெயர்ந்துவந்த அடிப்போல்ட்டுகளும் அந்தப் படங்களில் இன்றும் தெரிகின்றன.

பவுச்சின் தரப்பு வாதம் வேறு. கடைசிப் பெட்டிகளைக் காற்று தடம்புரட்டி, அவை கர்டரில் மோதியதால்தான் பாலம் விழுந்தது என்றார்கள். விசாரணையாளர்கள் இதை ஏற்கவில்லை. ரயில் இன்னும் எட்டாத வடக்குக் கண்களும் சேர்ந்தே விழுந்ததை அந்த வாதம் நிறைவாக விளக்கவில்லை என்பதே என் கருத்தும். பெட்டி ஏதேனும் உரசியே இருந்தாலும், அந்த அளவு இடியைத் தாங்காத தூண்கள் என்ற குறை அப்படியே நிற்கும்.

குறுக்குப் பிணைப்பும் அதன் இணைப்புகளும் புயலின் விசையைத் தாங்கப் போதாதவை என்பதே வீழ்ச்சியின் காரணம் என்பதில் மூவரும் ஒத்தார்கள். பழியில்தான் பிரிந்தார்கள். பாலம் மோசமாக வடிவமைக்கப்பட்டு, மோசமாகக் கட்டப்பட்டு, மோசமாகப் பராமரிக்கப்பட்டது என்றும், இம்மூன்றுக்கும் பவுச்சே முதன்மைப் பொறுப்பு என்றும் ராதரி தனி அறிக்கையில் எழுதினார். மற்ற இருவரும், வர்த்தக வாரியமே காற்றுக்கு விதி வகுக்காத நிலையில், அவ்வளவு கடுமையாக எழுத முன்வரவில்லை. ராதரியின் தீர்ப்பில் பவுச்சைப் பற்றிய பகுதி சரியானது. பொறியாளர் தம் பாலத்தின் சுமையை அறிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒப்புதல் தருகிற அமைப்பு, எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதையே வரையறுக்காமல் இருந்ததற்கு அந்தத் தீர்ப்பில் போதிய இடமில்லை. பவுச் 1880 அக்டோபர் 30 அன்று, 58 வயதில் இறந்தார்.

ஒரு நூற்றாண்டு கழித்தும் ஆய்வு தொடர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் பீட்டர் லூயிஸ் என்ற ஆய்வாளர், வாலன்டைன் படங்களை மிக நுணுக்கமாகப் பெரிதாக்கி ஆராய்ந்து, காதுகள் அன்றிரவு ஒரே மூச்சில் முறிந்தவை அல்ல, ஒவ்வொரு ரயிலின் அதிர்விலும் சிறிது சிறிதாகக் களைத்து விரிசல் கண்டு வந்தவை என்று வாதிட்டார். நோபிள் கேட்ட சத்தத்தோடும் வண்ணப்பூச்சாளர்களின் சாட்சியத்தோடும் இது நன்றாகப் பொருந்துகிறது. காற்றின் விசையே போதுமானது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இரண்டில் எது முந்தினாலும், முதலில் விட்டுக்கொடுத்த இடம் காதுதான்.

பின்விளைவு

ஃபோர்த் கழிமுகத்தில் பவுச்சின் தொங்குபாலத் திட்டம் கைவிடப்பட்டது. மான்ட்ரோஸ் அருகே அவர் வடிவமைத்த தெற்கு எஸ்க் பாலமும் சோதனையில் குறைபாடுள்ளதாகத் தெரிந்து, மாற்றிக் கட்டப்பட்டது. 1881-இல் காற்றழுத்தக் குழு, ரயில் பாலங்களுக்கு ஒரு சதுர அடிக்கு 56 பவுண்டு என்று பரிந்துரைத்தது. அந்த எண்ணைக் கொண்டுதான் ஜான் ஃபவுலரும் பெஞ்சமின் பேக்கரும் 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் எஃகுப் பாலத்தைக் கணக்கிட்டார்கள். டே ஆற்றில் புதிய பாலத்தை, விசாரணையில் அமர்ந்த அதே பார்லோ, பழைய பாலத்துக்கு இணையாக ஆற்றின் மேற்பக்கத்தில் வடிவமைத்தார். வில்லியம் அரோலின் நிறுவனம் கட்டி, 1887-இல் திறந்தது. இரட்டைப் பாதை, அதற்கேற்ற அகன்ற தூண்கள். பழைய பாலத்தின் நின்ற பகுதிகளிலிருந்து எடுத்த கர்டர்கள் பலவும் அதில் மறுபடி பயன்படுத்தப்பட்டன. அவற்றில் குறை இருக்கவில்லை. பழைய வார்ப்பிரும்புத் தூண் ஒன்றுகூடப் பயன்படுத்தப்படவில்லை.